பாட்டி மடியில் பிழைத்த மொழி

(தோட்டச் சிறுவர் அபிவிருத்தி நிலையமொன்றில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. எல்லாத் தோட்டத்துப் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாளும் மலையில் நின்றுவிட்டு, துணி துவைக்கவும் விறகு சேர்க்கவும் கிடைக்கிற ஒரே நாளில் நீங்கள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே வளவளவென்று பேசி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

போன கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து ஒரு கேள்வி கேட்டதாகப் பொறுப்பாளர் சொன்னார். "டவுன் நேர்சரிகளில் பிள்ளைகளோடு இங்கிலீஷில்தான் பேசுகிறார்கள். நம்ம பிள்ளை மடுவத்தில் மட்டும் ஏன் இன்னும் தமிழிலேயே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்? இங்கே வருகிற பாட்டிமார் பேசுகிற தோட்டத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளை எப்படி முன்னேறும்?" இதுதான் அந்தக் கேள்வி.

இது கோபப்பட வேண்டிய கேள்வி அல்ல. தன் தோளில் ஏறிய கூடை தன் பிள்ளையின் தோளில் ஏறக்கூடாது என்று நினைக்கிற ஒரு மனிதரின் கேள்வி. நானும் என் பிள்ளைகளுக்காக அப்படித்தான் நினைத்தேன். இதற்குப் பதில் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேரடியாகப் பதில் சொல்லுமுன் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். இதே கேள்வியைக் கேட்ட இன்னொரு கூட்டம் மக்கள் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது, அதிலிருந்து எப்படி மீண்டார்கள் என்பதுதான் அந்தச் சம்பவம்.

பால்மாப் பக்கெட்டில் பார்க்கும் நாடு

நியூசிலாந்து என்ற பெயர் உங்களுக்குப் புதிதல்ல. கடையில் வாங்கும் பால்மாப் பக்கெட்டுகளில் பார்த்திருப்பீர்கள். அங்கே வெள்ளைக்காரர் போவதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே வாழ்ந்து வந்த மக்கள் மாவோரி மக்கள். பெரிய தோணிகளில் கடல் தாண்டி வந்து குடியேறியவர்கள். அவர்களுக்கென்று சொந்த மொழி, சொந்தப் பாட்டு, வம்ச வரலாறு, வழிபாடு எல்லாம் உண்டு. 1840ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி வைத்தாங்கி என்ற இடத்தில் மாவோரித் தலைவர்களும் பிரித்தானிய முடியின் பிரதிநிதியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதற்குப் பின் வெள்ளைக்காரர் பெருந்தொகையாக வந்தார்கள். மாவோரிகளின் நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறியது.

1867ஆம் ஆண்டுக்கு வாருங்கள். நமக்கு அது மறக்க முடியாத ஆண்டு. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஆண்டு அது. அதே ஆண்டில், அதே விக்டோரியா மகாராணியின் முடியின் கீழ், நியூசிலாந்தில் சுதேசப் பாடசாலைச் சட்டம் என்று ஒன்று வந்தது. மாவோரிக் கிராமங்களில் பாடசாலை கட்டலாம். நிலத்தைக் கிராமத்தார் கொடுக்க வேண்டும். படிப்பிப்பது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இதுதான் சட்டம்.

இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் வேண்டாம் என்று அந்தப் பெற்றோர்கள் சொல்லவில்லை. அவர்களில் அநேகர் ஆங்கிலத்தை விரும்பிக் கேட்டார்கள். கடிதம் வாசிக்க, கணக்குப் பார்க்க, வெள்ளைக்காரனோடு சரிக்குச் சரி நின்று பேச ஆங்கிலம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். நம்ம மொழிக்கு என்ன கேடு வரப்போகிறது, அதுதான் வீட்டில் இருக்கிறதே என்று நினைத்தார்கள். உங்களில் யாராவது அப்படி நினைக்காமல் இருக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஆனால் பாடசாலையில் நடந்தது வேறு. மாவோரி பேசிய பிள்ளைக்கு அடி விழுந்தது. மொழி பேசியதற்காக அடி வாங்கிய பிள்ளை வளர்ந்து தாயானபோது என்ன நினைத்தாள்? 'நான் பட்டது போதும், என் பிள்ளை படவேண்டாம்' என்று நினைத்தாள். தன் பிள்ளையிடம் மாவோரியில் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பிள்ளைமேல் வைத்த பாசத்தினால்தான் அந்தத் தாய் அப்படிச் செய்தாள் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இன்னொன்றும் நடந்தது. வேலை தேடி மாவோரி மக்கள் கிராமங்களைவிட்டுப் பட்டணங்களுக்குப் போனார்கள். 1945ஆம் ஆண்டளவில் நாலு பேரில் ஒருவர்தான் பட்டணத்தில் இருந்தார். நாற்பது வருடத்தில் அது தலைகீழாகி, ஐந்து பேரில் நாலு பேர் பட்டணத்துக்காரர் ஆகிவிட்டார்கள். பட்டணத்தில் அரசாங்கம் அவர்களுக்கு வீடு கொடுத்தது. ஆனால் ஒரே இடத்தில் கொடுக்கவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக, வெள்ளைக்காரர் வீடுகளுக்கு நடுவே கொடுத்தது. நம்ம லயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லயக் காம்பராவில் ஆயிரம் குறை உண்டு. இடம் போதாது, புகை போக வழியில்லை, மழைக்கு ஒழுகும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டி தும்மினால் இந்தப் பக்கம் பேரன் 'நூறு வயசு' என்பான். பட்டணத்து மாவோரிப் பிள்ளைக்கு அது இல்லை. பாட்டி கிராமத்தில், பிள்ளை பட்டணத்தில், நடுவில் ஆங்கிலம்.

4,000 வீடுகளில் 170

1970களில் ரிச்சர்ட் பென்டன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வீடு வீடாகப் போய் ஒரு கணக்கெடுத்தார்கள். பிள்ளைகள் உள்ள 4,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். அந்த வீடுகளில் கடைக்குட்டிப் பிள்ளை மாவோரியை நன்றாகப் பேசிய வீடுகள் எத்தனை தெரியுமா? வெறும் 170. நூறு வீட்டில் நாலு வீடு.

அதன் பொருளை எண்ணிப் பாருங்கள். மாவோரி பேசத் தெரிந்தவர்கள் அப்போதும் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். கூட்டத்தில் பேசினார்கள், சாவு வீட்டில் பேசினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மொழி நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் பேசியவர்கள் எல்லாரும் நரைத்த தலைக்காரர்கள். தேயிலை மலையில் ஒரு கண்ணைப் பார்க்கிறோம். மரம் எல்லாம் பச்சையாக நிற்கிறது. ஆனால் நூறு வருடத்துப் பழைய மரம்; இடையிலே ஒரு புதுக் கன்றுகூட நடவில்லை. அந்த மலையின் கதி என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

படித்த வாலிபர்கள் விழித்துக்கொண்டார்கள். 1972ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி, 30,000க்கு மேற்பட்ட கையெழுத்துகளோடு ஒரு மனுவைப் பாராளுமன்றத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஹானா டெ ஹெமாரா என்ற இளம்பெண் அதில் முன்னின்றார். பாடசாலைகளில் எங்கள் மொழியையும் படிப்பியுங்கள் என்பதுதான் கோரிக்கை. அந்த வாலிபர்களில் பலருக்கு மாவோரி பேச வராது. தங்களுக்குக் கிடைக்காததைத் தங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்டார்கள்.

பாடசாலைகளில் பாடம் வந்தது. ஆனால் கிழமைக்கு ஒன்றிரண்டு பாடத்தில் வணக்கம் சொல்லவும், பாட்டுப் பாடவும், நிறங்களின் பெயர் சொல்லவும் கற்றுக்கொள்ளலாமே தவிர, ஒரு மொழியில் கோபப்படவும் சிரிக்கவும் கனவு காணவும் கற்றுக்கொள்ள முடியாது.

மொழிக்கூடு

1980களின் தொடக்கத்தில் மாவோரிப் பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். அவர்கள் கண்ட உண்மை மிகவும் எளிமையானது. தாத்தா பாட்டிக்கு மொழி தெரியும். தாய் தகப்பனுக்குத் தெரியாது. பேரப்பிள்ளைக்குத் தெரியாது. நடுவிலே ஒரு படி உடைந்துவிட்டது. உடைந்த படியைச் சரிசெய்யும்வரை காத்திருந்தால் மேலே இருப்பவர்கள் போய்விடுவார்கள். ஆகவே பாட்டியின் கையில் பேரப்பிள்ளையை நேராகக் கொடுத்துவிடுவோம் என்று முடிவுசெய்தார்கள்.

1982ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், தலைநகரான வெலிங்டனுக்குப் பக்கத்தில் வைனுயோமாட்டா என்ற இடத்தில் முதலாவது 'கோஹங்கா ரெயோ' திறக்கப்பட்டது. கோஹங்கா என்றால் கூடு, ரெயோ என்றால் மொழி. மொழிக்கூடு. ஜீன் புக்கெடாப்பு, இரித்தானா தாவிவிராங்கி ஆகிய பெண்மணிகள் இந்த வேலையில் முன்னின்றவர்கள்.

அந்தக் கூட்டில் என்ன இருந்தது? நம்ம பிள்ளை மடுவத்தில் இருப்பதுதான் இருந்தது. கைக்குழந்தை முதல் பாடசாலை போகும் வயதுவரை உள்ள பிள்ளைகள். பாய், தலையணை, பால், சாப்பாடு, விளையாட்டு. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். உள்ளே வந்துவிட்டால் மாவோரியைத் தவிர வேறு பேச்சு இல்லை. பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடும்போதும் மாவோரி, சோறு ஊட்டும்போதும் மாவோரி, அதட்டும்போதும் மாவோரி, தூங்கவைக்கும்போதும் மாவோரி. கரும்பலகையும் இல்லை, பரீட்சையும் இல்லை. பாட்டிமாரும் தாத்தாமாரும் வந்து உட்கார்ந்து பேசினார்கள், பாடினார்கள், கதை சொன்னார்கள். அவர்களில் பலர் சம்பளமில்லாமல் வந்தவர்கள்.

இன்னொரு ஒழுங்கும் இருந்தது. கூட்டை நடத்துவது குடும்பங்கள்தான். பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுப் போய்விட முடியாது. தாய் தகப்பனும் முறைபோட்டு வரவேண்டும், சமைக்க வேண்டும், துப்புரவு செய்ய வேண்டும். அப்படி வந்த இளந்தாய்மார் பாட்டியும் பிள்ளையும் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தாங்களும் கற்றுக்கொண்டார்கள். வளர்ந்தவர்களுக்கென்று வேறு வகுப்பும் இருந்தது. 1979இல் காத்தரினா மத்தாயிராவும் ங்கோயி பேவைராங்கியும் தொடங்கிய முறை அது. புத்தகம் இல்லாமல், வண்ண வண்ணக் குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு, 'சிவப்புக் குச்சியை எடு, நீலக் குச்சிக்குப் பக்கத்தில் வை' என்று சொல்லிச் சொல்லியே பேச்சைப் பழக்கினார்கள்.

மொழிக்கூடு பற்றிய செய்தி நாடெங்கும் பரவியது. கோயில் மண்டபம், பழைய கட்டடம், வீட்டுப் பின்கட்டு என்று இடம் கிடைத்த இடமெல்லாம் கூடு கட்டினார்கள். 1994ஆம் ஆண்டில் ஏறக்குறைய 800 கூடுகளில் 14,000 பிள்ளைகள் இருந்தார்கள். பன்னிரண்டு வருடத்தில்!

ஒரு வணக்கத்துக்கு வந்த சண்டை

இதெல்லாம் தடையில்லாமல் நடந்தது என்று நினைக்காதீர்கள். 1984ஆம் ஆண்டில் ஓக்லண்ட் நகரில் நைடா கிளாவிஷ் என்ற மாவோரிப் பெண் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்தார். அழைப்பு வந்தால் 'கியா ஓரா' என்று சொல்லுவார். நம்ம வணக்கம் மாதிரி. மேலதிகாரி அதைச் சொல்லக்கூடாது, ஆங்கிலத்தில்தான் வணக்கம் சொல்ல வேண்டும் என்றார். நைடா மாட்டேன் என்றார். அவரை அந்த வேலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். நாடு முழுக்கப் பேச்சாகிவிட்டது. அவருக்கு ஆதரவாகப் பலர், எதிராகப் பலர். கடைசியில் பிரதமர்வரை போய்த் தடை நீங்கியது. அவர் மறுபடியும் தன் இடத்துக்கு வந்தார். இன்று அந்த நாட்டில் வெள்ளைக்காரர்களும் 'கியா ஓரா' என்றுதான் வணக்கம் சொல்கிறார்கள்.

அதன்பின் மாவோரி அமைப்புகள் வைத்தாங்கி நியாய சபையில் முறையிட்டன. நிலத்தைப்போல மொழியும் எங்கள் பொக்கிசம், அதைக் காப்பதாக ஒப்பந்தத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது வழக்கு. 1986இல் நியாய சபை அதை ஏற்றுக்கொண்டது. 1987இல் மாவோரி அரச கரும மொழியானது. இங்கே நம் நாட்டில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது அதே 1987இல்தான். சட்டத்தில் எழுதுவது ஒன்று, தபால் கந்தோரிலும் பொலிசிலும் நம்ம மொழியில் ஒரு படிவம் கிடைப்பது இன்னொன்று என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே சட்டம் வேண்டும். ஆனால் சட்டம் பிள்ளையைத் தாலாட்டாது.

கூட்டிலிருந்து ஐந்து வயதில் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் ஆங்கிலப் பாடசாலையில் சில மாதங்களிலேயே மாவோரியை விட்டுவிட்டார்கள். பெற்றோர் பார்த்தார்கள், மனம் பொறுக்கவில்லை. 1985இல் ஓக்லண்டில் தாங்களே ஒரு மாவோரி மொழிப் பாடசாலையைத் தொடங்கினார்கள். அரசாங்கம் அந்த வகைப் பாடசாலைகளைச் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது 1989இல்தான். 2004இல் மாவோரித் தொலைக்காட்சியும் வந்தது. இவர்களைப் பார்த்து ஹவாய்த் தீவு மக்கள் 1984இல் தங்கள் முதல் கூட்டைத் திறந்தார்கள். பனி உறையும் பின்லாந்தில் சில நூறு பேர் மட்டுமே பேசிய இனாரி சாமி மொழிக்காரர்களும் 1997இல் ஒரு கூடு கட்டினார்கள்.

எல்லாம் வெற்றிதான் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 1994க்குப் பின் கூடுகள் குறைந்தன. இன்று 400க்கு மேற்பட்டவைதான் இருக்கின்றன. சிறு வயதிலிருந்து மாவோரியிலேயே வளர்ந்த பழைய பாட்டிமார் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிவிட்டார்கள். சில வீடுகளில் கூட்டில் மட்டும் மாவோரி, வீட்டுக்கு வந்ததும் ஆங்கிலம். 2023ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்த நாட்டில் மாவோரி பேசத் தெரிந்தவர்கள் 2 இலட்சத்து 13 ஆயிரத்துக்கு மேல். இதில் மற்ற இனத்தவரும் அடக்கம். ஆனால் மாவோரிகளில் ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவர்தான் தன் மொழியைப் பேசுகிறார். கைவிட்டதை மீண்டும் பிடிப்பது எவ்வளவு பாடு என்று பாருங்கள். விடுவதற்கு ஒரு தலைமுறை போதும். திருப்பி எடுக்க மூன்று தலைமுறையாகியும் வேலை முடியவில்லை.

எங்கள் அவ்வாவின் கடைசி வார்த்தை

தமிழுக்கு என்ன ஆபத்து, உலகத்தில் கோடிக்கணக்கான பேர் பேசுகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். தமிழ் மாவோரியைப்போல அழியும் நிலையில் இல்லை. ஆனால் ஒரு மொழி உலகத்தில் நன்றாக இருந்துகொண்டே ஒரு வீட்டைவிட்டுப் போய்விடும். நம் நாட்டிலேயே தென்பகுதித் தோட்டங்களில், கிட்டத்தில் தமிழ்ப் பாடசாலை இல்லாமல் சிங்களப் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உண்டு. இன்று அவர்களில் பலருக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. நம் நாட்டு ஆதிவாசிகளான வேடர்களின் பேச்சும் அப்படித்தான். தம்பானைப் பக்கத்தில் சிங்களத்துக்குள்ளும், கிழக்குக் கரையில் தமிழுக்குள்ளும் கரைந்துபோய், இப்போது பெரியவர்களின் வாயில்தான் அதில் மிச்சம் இருக்கிறது.

தூரத்துக் கதை போதும். என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

என் தகப்பனாரின் தாயார் தெலுங்கு பேசுகிறவர். நம்ம தோட்டங்களுக்கு வந்தவர்களில் அப்படியும் சில குடும்பங்கள் இருந்தன. நாங்கள் அவரை அவ்வா என்று கூப்பிடுவோம். லயத்தில் எல்லாரும் தமிழ். அவ்வா தெலுங்கில் பேசினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கும். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். என் தகப்பனாருக்கு வெட்கமாகப் போய், "பிள்ளைகளோட தமிழ்ல பேசும்மா" என்று சொல்லிவிட்டார். அவ்வாவும் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசப் பழகிக்கொண்டார். அதிகம் பேசாதவராகிவிட்டார் என்று இப்போது யோசித்துப் பார்க்கும்போது தெரிகிறது.

எனக்குப் பதினொரு வயதிருக்கும். அவ்வாவுக்குக் கடுமையான காய்ச்சல். தகப்பனார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டுப் போயிருந்தார். நானும் அம்மாவும்தான் பக்கத்தில். காய்ச்சல் வேகத்தில் அவ்வாவுக்குத் தமிழ் மறந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் என்னவோ கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு நீள்ளு என்றால் தண்ணீர் என்று தெரியும். அவர் கேட்டது அது இல்லை. ஆனாலும் தண்ணீர் கொடுத்தேன். தள்ளிவிட்டார். போர்வையைப் போர்த்தினேன். அதுவும் இல்லை. தகப்பனார் லொறியோடு வந்து சேர்ந்தபோது அவ்வா பேசும் நிலையில் இல்லை. அவர் என்ன கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு இப்போது எழுபது வயதுக்கு மேலாகிவிட்டது.

தெலுங்கு ஒன்றும் அழிந்துபோகவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கோடிப் பேர் பேசுகிறார்கள். என் வீட்டில்தான் அது செத்தது. எங்கள் அவ்வாவோடு செத்தது. அதற்கு வெள்ளைக்காரன் காரணமில்லை, பாடசாலை காரணமில்லை. எங்கள் சிரிப்புத்தான் காரணம்.

பதில்

இப்போது அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருகிறேன். ஐயா, உங்கள் பிள்ளை இங்கிலீஷ் படிக்க வேண்டும். சிங்களமும் படிக்க வேண்டும். இந்த நாட்டில் இரண்டும் இல்லாமல் முன்னுக்கு வருவது கஷ்டம். ஆனால் படிக்கிற முறை ஒன்று இருக்கிறது. இங்கிலீஷ் தெரிந்த ஒருவரைப் பிடித்து, நாளுக்கு ஒரு நேரம் ஒதுக்கி, பாட்டாகவும் விளையாட்டாகவும் சொல்லிக்கொடுப்போம். அதற்கு நிலையத்தில் ஏற்பாடு செய்யலாம் என்று பொறுப்பாளரும் சொல்கிறார். ஆனால் இங்கிலீஷ் சரியாகத் தெரியாத நாம் பிள்ளையோடு நாள் முழுக்க 'கம், கோ, சிட்' என்று நாலு வார்த்தையில் பேசினால், பிள்ளைக்கு இங்கிலீசும் வராது, நம்மோடு மனம்விட்டுப் பேசப் பாசையும் இருக்காது. நன்றாகத் தெரிந்த மொழியில் நிறையப் பேசிக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இன்னொரு மொழி சேர்த்துக்கொள்வது சுமையல்ல. மாவோரிக் கூட்டில் வளர்ந்த பிள்ளைகளும் ஆங்கிலம் பேசத்தான் செய்கிறார்கள். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க வேண்டும் என்றில்லை.

'தோட்டத்துப் பேச்சு' என்று சொன்னீர்கள். அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரட்டு, கவ்வாத்து, கங்காணி, பேர் போடுவது, கொழுந்து மடுவம். இந்த வார்த்தைகளுக்குள்ளேதான் இருநூறு வருடத்து நம்ம கதை இருக்கிறது. நம்ம பாட்டி பேசுகிற தமிழ் மதுரையிலும் இல்லை, யாழ்ப்பாணத்திலும் இல்லை. இங்கே மட்டும்தான் இருக்கிறது. அவர் பாடுகிற தாலாட்டும் ஒப்பாரியும், பச்சிலை பெயர்களும், விடுகதையும் நாம் கேட்டு வாங்கிக்கொள்ளாவிட்டால் அவரோடு போய்விடும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை.

கிழமைக்கு இரண்டு நாள், வேலையை விட்டு நின்றுவிட்ட நம்ம அம்மாயிமாரும் தாத்தாமாரும் இங்கே வந்து பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம் உட்காரட்டும். படிப்பிக்க வேண்டாம். கதை பேசினால் போதும். முறைபோட்டு இளந்தாய்மார் ஒருவரும் கூட இருக்கட்டும்.

பெரிய வகுப்பில் படிக்கிற பிள்ளைகள் ஒரு கொப்பி வாங்கி, பாட்டிமார் சொல்கிற பாட்டு, கதை, வேலைப் பெயர், செடிப் பெயர் எல்லாவற்றையும் எழுதி வைக்கட்டும்.

கொழும்பில் கடையில் நிற்கிற மகன், வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கிற மகள் போன் எடுக்கும்போது, 'பிள்ளை சாப்பிட்டதா, காசு வந்ததா' என்பதோடு வைத்துவிடாதீர்கள். பேரப்பிள்ளையிடம் போனைக் கொடுங்கள். அங்கேயே பிறந்து வளர்கிற பிள்ளையாக இருந்தால், அது தப்பும் தவறுமாகப் பேசினாலும் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். பேசவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. யாருடைய பேச்சையும் கேட்டுச் சிரிக்காதீர்கள். பாட்டியின் தோட்டத்துத் தமிழைக் கேட்டும் சிரிக்காதீர்கள், பிள்ளையின் அரைகுறை இங்கிலீசைக் கேட்டும் சிரிக்காதீர்கள். சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவர்களிடமிருந்துதான் மொழி முதலில் போகிறது.

வைனுயோமாட்டாவில் முதல் கூட்டைத் திறந்தவர்களிடம் பெரிய கட்டடம் இல்லை, பட்டம் பெற்ற ஆசிரியர்கள் இல்லை. பேசத் தெரிந்த பாட்டிகள் இருந்தார்கள், கேட்கிற பிள்ளைகள் இருந்தார்கள். இந்த மடுவத்தைச் சுற்றிப் பார்க்கிறேன். அந்த இரண்டும் இங்கேயும் இருக்கிறது. அதோ, கதவோரத்தில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாயி உட்கார்ந்திருக்கிறார். நான் பேசத் தொடங்கியதிலிருந்து பார்க்கிறேன், அந்தக் குழந்தை என் பேச்சைக் கேட்கவே இல்லை. அம்மாயி அதன் காதில் எதையோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

அவரைத் தொந்தரவு செய்யாமல் நான் என் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.